ஸ்னோமொபைல் தடத்தில் நடக்கலாமா? ஒரு பனிப்பாதை உருவாகும் விதமும் கெடும் விதமும்

அமெரிக்காவின் வடகிழக்கு மலைக்காடுகளில், அதாவது வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், நியூயார்க்கின் அடிரொண்டாக் பகுதிகளில், டிசம்பர் பிறந்ததும் ஒரு குழப்பமும் பிறக்கிறது. கோடையில் ஆட்கள் நடந்த அதே காட்டுப்பாதையில் இப்போது ஸ்னோமொபைல் ஓடுகிறது. நடப்பவர்களும் வரலாம் என்கிறது ஒரு பலகை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பலகை கூடாது என்கிறது. வரலாம் என்ற இடத்திலும் வெறும் பூட்ஸோடு போனால் வண்டிக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

முந்நூறு கிலோ வண்டி ஓடும் தடத்தை எழுபது கிலோ மனிதர் கெடுத்துவிட முடியுமா? முடியும். அதற்கான காரணம் பனியின் இயல்பில் இருக்கிறது. வேக வரம்பு, அகல வரம்பு, மூடும் தேதி என்று இந்தத் தடங்களைச் சுற்றியுள்ள விதிகளில் பெரும்பாலானவற்றுக்கும் அதுவே வேர். இந்தத் தடம் காட்டில் தானாகக் கிடப்பதில்லை; குளிர்காலம் முழுக்க இரவிரவாக ஆட்கள் செய்து வைக்கும் பொருள் அது.

முதலில் சில சொற்கள்

1. ஸ்னோமொபைல்: முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் இன்ஜின் சுழற்றும் அகலமான ஒற்றை ரப்பர் பட்டை. பலகைகள் திசை திருப்பும், பட்டை தள்ளும். கனடாவின் கியூபெக்கில், வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பாம்பார்டியேயின் நிறுவனம் 1959-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கி-டூ, இன்றைய வண்டிகளுக்கெல்லாம் முன்னோடி.

2. குரூமர்: தடத்தைச் சீர்செய்யும் கனமான டிராக்டர். சக்கரத்துக்குப் பதில் பட்டைகளில் ஓடுவதே பெரும்பாலும்.

3. இழுசட்டம்: குரூமரின் பின்னால் இழுபடும் நீண்ட இரும்புச் சட்டம். அடியில் வரிசையாக வெட்டுத் தகடுகள், கடைசியில் பனியை அழுத்தும் தட்டு.

4. மோகல்: வண்டிகள் ஓடி ஓடி எழும் வரிசையான மேடுபள்ளம்.

5. கால்குழி: வெறும் பூட்ஸ் இளகிய பனியில் புதைந்து உண்டாக்கும் குழி. முழங்கால் ஆழம்கூடப் போகும்.

6. ஸ்னோஷூ: உடல் எடையை அகலப் பரப்பி, புதையாமல் நடக்க பூட்ஸுக்கு அடியில் கட்டும் சட்டம்.

தடம் இரவில் தயாராகிறது

புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கனமீட்டரில் 50 முதல் 100 கிலோ பனியே இருக்கும். நன்றாகச் சீர்செய்த தடத்தில் அதே கனமீட்டர் 400 முதல் 500 கிலோ வரை கனக்கும். கணக்குப் போட்டால் சங்கடம் புரியும். கனமீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியில் 30 செ.மீ. புதுப்பனி விழுந்தால், அதை 450 கிலோவுக்கு இறுக்கிய பிறகு மிஞ்சுவது 5 செ.மீ.க்குச் சற்று மேல். ஓர் இரவில் முழங்காலளவு பனி கொட்டியது என்று மகிழ்ந்தவர்கள், மறுநாள் தடம் திறக்கவில்லையே என்று கேட்பதற்கு விடை இந்த 5 செ.மீ. பாறையையும் வேர்முண்டுகளையும் மூடும் அடித்தளம் அமையவே பல பனிப்பொழிவுகள் வேண்டும்.

சீர்செய்யும் வேலையை ரோடு ரோலர் ஓட்டுவதுபோல நினைத்துவிடக் கூடாது. மேலிருந்து அழுத்தினால் மேட்டின் மீது ஓடு கட்டுமே தவிர, உள்ளே பனி இளகியபடியே கிடக்கும். வேலை நான்கு படிகளில் நடக்கிறது:

1. வெட்டுதல். இழுசட்டத்தின் முன் தகடுகள் மோகலை அதன் பள்ளத்தின் அடிவரை சீவ வேண்டும். இங்குதான் பல தடங்கள் கெடுகின்றன. தலையை மட்டும் சீவி, அந்தத் தூளைப் பள்ளத்தில் நிரப்பினால் பார்க்கச் சமமாகத்தான் இருக்கும். ஆனால் பழைய மேடு கல்லாகவும் நிரப்பிய பள்ளம் மாவாகவும் இருப்பதால், முதல் பத்து வண்டிகள் ஓடியதும் அதே பள்ளம் அதே இடத்தில் திரும்ப வந்துவிடும்.

2. புரட்டுதல். சீவிய பனி தகடுகளுக்கு இடையே உருண்டு உடைகிறது. பெரிய படிகங்கள் நொறுங்கி, சிக்கியிருந்த காற்று வெளியேறுகிறது.

3. அழுத்துதல். பின்னாலுள்ள தட்டு அதைச் சமமாகப் பரப்பி இறுக்குகிறது.

4. ஆறவிடுதல். எல்லோரும் மறந்துவிடுவது இதைத்தான்.

புரட்டி அழுத்திய பனி உடனே கெட்டியாகிவிடாது. நொறுங்கிய மணிகள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகளில் சிறு கழுத்துப்போல உறைபனி வளர்ந்து இணைப்பு உண்டாக வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் நேரமும், இறங்கிக்கொண்டே போகும் வெப்பநிலையும் தேவை. சிமென்ட் பூசிவிட்டு நீராற்றும் நாட்களில் கால் வைக்காதே என்பது போலத்தான் இதுவும். குரூமர் ஓட்டுநர்கள் இருட்டிய பிறகு கிளம்புவதற்குக் காரணம் இரண்டு: வண்டிகள் குறைந்திருக்கும், அதைவிட முக்கியமாக, விடியும்வரை தடம் யாரும் தொடாமல் இறுகும். மணிக்குப் பத்துக் கிலோமீட்டரை ஒட்டிய வேகம்தான் அந்த வேலைக்குச் சரி. அவசரப்பட்டால் இழுசட்டம் துள்ளும், அது துள்ளிய இடத்தில் அதுவே ஒரு மோகலை விதைத்துவிடும்.

இறுகியபின் அதே தடம் நூற்றுக்கணக்கான வண்டிகளைத் தாங்கும். சீர்செய்து அரைமணி நேரத்தில் வந்தால், ஐந்து வண்டிகளும் மூன்று நடைபயணிகளும் போதும், அந்த இரவு முழுவதன் டீசலும் உழைப்பும் பாழ்.

எண்பது கிலோ ஆள், முந்நூற்று அறுபது கிலோ வண்டி

பனியில் புதைவதை எடை மட்டும் முடிவு செய்வதில்லை. எடை எவ்வளவு பரப்பில் விழுகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம்.

1. முதுகுப்பையோடு 80 கிலோ ஆள், நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் கணம்: பூட்ஸின் அடிப்பரப்பு சுமார் 280 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் ஏறத்தாழ 285 கிராம்.

2. அதே ஆள், 25 செ.மீ. அகலமும் 75 செ.மீ. நீளமும் உள்ள ஸ்னோஷூவில்: முனைகள் வளைந்திருப்பதைக் கழித்தால் 1,500 சதுர செ.மீ. பரப்பு. சதுர செ.மீ.க்கு 53 கிராம்.

3. ஓட்டுபவரோடு 360 கிலோ ஸ்னோமொபைல்: 38 செ.மீ. அகலப் பட்டையில் தரையைத் தொடும் 120 செ.மீ. நீளமும் இரண்டு சறுக்குப் பலகைகளும் சேர்த்து சுமார் 7,000 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 51 கிராம்.

ஸ்னோஷூ கட்டியவரும் ஸ்னோமொபைலும் பனிக்கு ஏறக்குறைய ஒரே சுமை. வெறும் பூட்ஸ் அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல்.

கால்குழியின் உண்மையான தொல்லை அது உண்டான பகலில் தெரியாது. பிற்பகல் வெயிலில் சுவர் இளகி, இரவில் உறைந்து, காலையில் கல்லுரல்போல விளிம்போடு நிற்கும். அதன்மேல் 3 செ.மீ. புதுப்பனி தூவிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. பனிச்சறுக்குக்காரரின் பலகை முனை அதில் இறங்கினால் முழங்கால் திருகும். வண்டியின் சறுக்குப் பலகை இறங்கினால் கைப்பிடி வெடுக்கென்று ஒரு பக்கம் திரும்பும். அடுத்து வரும் நடைபயணி கணுக்காலைச் சுளுக்கிக்கொள்வார்.

அடிரொண்டாக்கின் ஹை பீக்ஸ் பகுதியில் 8 அங்குலத்துக்கு, அதாவது 20 செ.மீ.க்கு மேல் பனி இருந்தால் ஸ்னோஷூவோ சறுக்குப் பலகையோ கட்டாயம் என்று விதியே இருக்கிறது. அது வண்டிகள் நுழையாத பகுதி. நடப்பவரை நடப்பவரிடமிருந்து காக்கவே அந்த விதி.

தடத்தை எட்டியதும் செய்ய வேண்டிய சோதனை எளிது. குதிகாலை ஊன்றிப் பத்தடி நடந்து திரும்பிப் பாருங்கள். அச்சு 2 செ.மீ.க்குள் இருந்தால் வெறும் பூட்ஸ் போதும். பளபளப்பு இருந்தால் மைக்ரோஸ்பைக், அதாவது பூட்ஸுக்கு அடியில் பிடிப்புத் தரும் சிறு இரும்பு முட்கள், மாட்டிக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் ஸ்னோஷூ. ஸ்னோஷூவே 5 செ.மீ. இறங்கினால் தடம் இன்னும் ஆறவில்லை, அல்லது இளகிவிட்டது என்று பொருள். அன்று யாருமே அதில் இருக்கக் கூடாது, வண்டிகள் உட்பட.

வண்டிக்காரர்கள் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார வேண்டாம். அவர்கள் கெடுப்பது வேறு வகையில். வண்டி அழுத்திக் கெடுப்பதில்லை, தோண்டிக் கெடுக்கிறது. வேகம் கூட்டும்போது பட்டை பனியைப் பின்னுக்கு வாரி எறிகிறது. பிரேக் பிடிக்கும்போது முன்னுக்குத் தள்ளுகிறது. ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கும் வண்டி, இறங்கும் இடத்தில் அழுத்தி, ஏறும் இடத்தில் குவிக்கிறது. அடுத்த வண்டியும் அங்கேயே துள்ளும். அதனால்தான் மோகல் நேர்ச்சாலையின் நடுவில் அவ்வளவாக வராமல், வளைவை விட்டு வெளியேறும் இடத்திலும் ஏற்றத்தின் அடியிலும் சாலைக் கடப்புகளின் இருபுறமும் கொத்தாக வருகிறது. எந்தத் தடத்திலும் அந்த மூன்று இடங்களைப் பார்த்தாலே அங்கே ஓட்டுபவர்களின் கைப்பழக்கம் தெரிந்துவிடும்.

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்

வேக வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஹாம்ப்ஷயரில் வேறு பலகை இல்லாத தடங்களில் மணிக்கு 45 மைல். வெர்மான்ட்டின் பொது நிலங்களில் 35. நியூயார்க்கில் மாநில உச்சவரம்பு 55. சந்திப்பு, பாலம், வாகன நிறுத்தம் ஆகியவற்றுக்கு அருகே இவை வெகுவாகக் குறையும்.

இறுகிய பனியில் பட்டைக்குக் கிடைக்கும் பிடிப்பை, உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டு, கண் பார்த்துக் கை பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி கொடுத்தால்:

1. 25 மைல் (40 கி.மீ.): நிற்க 38 மீட்டர்.
2. 35 மைல் (56 கி.மீ.): 65 மீட்டர்.
3. 45 மைல் (72 கி.மீ.): 98 மீட்டர்.
4. 55 மைல் (88 கி.மீ.): 140 மீட்டர்.

இது நல்ல நாளின் கணக்கு. மழை பெய்து உறைந்த மறுநாள் பிடிப்பு பாதியாகிவிட்டால் 45 மைல் வண்டி நிற்க 167 மீட்டர் கேட்கும். மலைக்காட்டு வளைவுகளில் எதிரே தெரிவது பல இடங்களில் 40 மீட்டருக்குள். இரவில் முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளி எட்டுவதும் ஏறத்தாழ 60 மீட்டர்தான். ஆகவே சட்டம் 45 என்று அனுமதித்தாலும், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம் அந்த வளைவில் 25. வரம்பு என்பது ஒரு தடம் முழுவதற்கும் எழுதிய எண். வளைவுக்கு அந்த எண் தெரியாது.

நடப்பவரின் பக்கத்திலும் கணக்கு உண்டு. சத்தம் கேட்டு, எங்கிருந்து வருகிறது என்று புரிந்து, ஸ்னோஷூவோடு தடத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக நான்கு நொடியாவது ஆகும். 45 மைல் வண்டி அந்த நான்கு நொடியில் 80 மீட்டர் வந்துவிடும்.

சத்தத்தை நம்பலாமா? 1970-களின் நடுவிலிருந்து அமெரிக்காவில் சான்றிதழோடு விற்கப்படும் வண்டிகள், முழு வேகத்தில் 50 அடி தூரத்தில் 78 டெசிபலைத் தாண்டக் கூடாது. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்பது திறந்தவெளிக் கணக்கு. புதுப்பனி ஒலியை உறிஞ்சும், மலைமுகடு மறைக்கும். தொப்பியையும் தலைமூடியையும் இழுத்துவிட்டு, காலடியில் ஸ்னோஷூ கரகரக்க நடப்பவருக்கு வளைவின் மறுபக்கத்து வண்டி கடைசி நொடிகளில்தான் கேட்கும். ஓட்டுபவருக்கோ எதுவுமே கேட்காது: ஹெல்மெட், இன்ஜின், காற்று. நடப்பவர் கத்துவதால் பயனில்லை.

சைலன்சரை மாற்றியவர்களின் வண்டி மட்டும் தூரத்திலேயே கேட்கும். பாதுகாப்புக்கு நல்லதுதானே என்று அவர்கள் சொல்வதுண்டு. பாதையோர வீட்டுக்காரர்கள் நிலத்தை மூடுவதற்கு அந்தச் சத்தம் போதிய காரணமாகிவிடுகிறது என்பதைச் சொல்வதில்லை.

யார் நிலம், யார் பணம்

ஒரே தடத்தில் ஒரு பலகை வா என்றும் மறுபலகை வராதே என்றும் சொல்வது இதனால்தான். ஸ்னோமொபைல் தடம் ஒரே நிலத்தில் ஓடுவதில்லை. வெர்மான்ட்டில் தடங்களின் பெரும்பகுதி தனியார் நிலம். 1967-ல் தொடங்கிய, ஸ்னோமொபைல்காரர்களின் வாஸ்ட் என்ற அமைப்பும் அதன் உள்ளூர் மன்றங்களும் நில உரிமையாளர்களிடம் அனுமதி வாங்கி, அவற்றைக் கோத்து ஒரு வலையாக்கியிருக்கின்றன. வண்டிக்காரர்கள் கட்டும் தடக் கட்டணத்திலிருந்து குரூமர் ஓடுகிறது. பருவம் டிசம்பர் 16 முதல் ஏப்ரல் 15 வரை.

விவசாயி ஒருவர் தம் நிலத்தில் குளிர்காலத்தில் ஸ்னோமொபைல் போக அனுமதித்தால், அது நடப்பவருக்கும் நாயோடு வருபவருக்கும் தந்த அனுமதி ஆகிவிடாது. அதே தடம் அரசுக் காட்டுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறலாம். அங்கே நடப்பவருக்கு உரிமை இருக்கும். ஆனால் எல்லைக் கோட்டைப் பனி மூடியிருக்கும். கோபப்பட்ட ஓர் உரிமையாளர் தம் 300 மீட்டரை மூடினாலும் 40 கிலோமீட்டர்ச் சுற்று அறுந்துபோகும். மன்றத்தினர் நடப்பவர்களைப் பார்த்துப் பதறுவதற்கு கால்குழியைவிட இது பெரிய காரணம்.

கூட்டரசின் காடுகளில் விதி வேறு. 1964-ன் வனப்பகுதிச் சட்டத்தின் கீழ் ஒதுக்கிய நிலங்களில் மோட்டார் வண்டி கிடையாது. மற்ற இடங்களுக்கு, 1972-ல் அதிபர் நிக்சன் பிறப்பித்த 11644-ஆம் ஆணை, சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளுக்குத் தடம் ஒதுக்கும்போது மண்ணுக்கும் காட்டுயிருக்கும் வரும் கேட்டையும், பிற பயனாளிகளோடு வரும் மோதலையும் குறைந்தபட்சமாக்க வேண்டும் என்றது. வனத்துறையின் 2005-ஆம் ஆண்டு விதி பனிவண்டிகளுக்கு மட்டும் இதை விருப்பத்துக்கு விட்டது. ஐடஹோ மாநிலத்தில் 2013-ல் வந்த நீதிமன்றத் தீர்ப்பு அதைத் தவறென்றது. 2015-ல் புதிய விதி வந்தது: ஒவ்வொரு தேசியக் காடும் பனிவண்டி எங்கே போகலாம் என்று வரைபடம் வெளியிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத இடம் மூடிய இடம். நடப்பவருக்கும் பயன்படும் ஆவணம் அது. சத்தமில்லாத பள்ளத்தாக்கு எது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

மூன்று மீட்டர் அகலமும் ஒரு வழக்கும்

அகலம் ஏன் இவ்வளவு சண்டைக்குரியது? இரண்டு வண்டிகள் எதிரெதிரே ஒதுங்கவும், இழுசட்டம் நுழையவும் 9 முதல் 12 அடி, அதாவது 2.7 முதல் 3.7 மீட்டர் வேண்டும். காலடிப் பாதைக்கு இதில் கால்பங்கு போதும். அது பாறையைச் சுற்றி வளையும், மரத்துக்கு ஒதுங்கும். வண்டித்தடம் ஒதுங்காது, பாறையை நீக்கும், சரிவைச் சீவும், பாலம் போடும். பனி உருகிய பிறகும் அந்த வேலைப்பாடு அப்படியே இருக்கும்.

அடிரொண்டாக்கில் கேள்வி அரசியலமைப்பு வரை போனது. அங்குள்ள அரசு வனக்காப்பு நிலங்கள் என்றென்றும் காடாகவே காக்கப்பட வேண்டும், அவற்றின் மரம் விற்கப்படவோ அகற்றப்படவோ அழிக்கப்படவோ கூடாது என்று 1894-ல் நியூயார்க்கின் அரசியலமைப்பில் எழுதினார்கள். 1932-ன் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காக அந்த நிலத்தில் சுமார் 2,500 மரங்களை வெட்டிப் பாப்ஸ்லெட் ஓடுபாதை போட முயன்றபோது, 1930-ல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது.

ஊர்களை இணைக்கும் 9 முதல் 12 அடி அகல ஸ்னோமொபைல் தடங்களை மாநில அரசு சுமார் 27 மைல் நீளத்துக்குத் திட்டமிட்டபோது, ஏறத்தாழ 25,000 மரங்கள் போகும் என்று ஒரு பாதுகாப்பு அமைப்பு வழக்குத் தொடுத்தது. இந்த எண்ணிக்கையில் விரல் தடிமன் கன்றுகளும் அடக்கம். அரசுத் தரப்பு பெரிய மரங்களை மட்டும் எண்ணியது. எதை மரம் என்பது என்ற வாதமே நீண்டது. 2021 மே மாதம் அதே நீதிமன்றம், நான்குக்கு இரண்டு என்ற கணக்கில், அந்தத் தடங்கள் அரசியலமைப்புக்கு முரண் என்றது.

இதைப் படித்து அடிரொண்டாக்கில் ஸ்னோமொபைலே தடையாகிவிட்டது என்று எண்ணியவர்கள் உண்டு. தவறு. ஏற்கெனவே உள்ள குறுகிய தடங்களும் மரம் வெட்டி ஏற்றிச் சென்ற பழைய சாலைகளும் தனியார் நிலத் தடங்களும் தொடர்கின்றன. நடப்பவர் ஒருவருக்கு இதன் நேரடி விளைவு என்னவென்றால், அங்கே அவர் பகிரும் தடம் குறுகியதாகவே இருக்கும். ஒதுங்கத் தேவையான ஓரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

நேருக்கு நேர்

1. வரிசையாக, ஓரத்தில் நடக்கவும். நான்கு பேர் பேசிக்கொண்டு தடத்தை அடைத்து நடந்தால் நான்கு பேரும் ஒரே பக்கம் ஒதுங்க மாட்டார்கள். இருவர் இடமும் இருவர் வலமும் ஓடும்போது ஓட்டுபவருக்கு எந்தப் பக்கமும் மிஞ்சாது. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதைக் கிளம்பும்போதே பேசி வைப்பது நல்லது.

2. வளைவில் நிற்காதீர்கள். தண்ணீர் குடிக்க, படம் எடுக்க, ஸ்னோஷூ வாரைச் சரிசெய்ய நேர்த்தடம் வரும்வரை பொறுக்கலாம். உள்வளைவில் வண்டி குறுக்கே வெட்டும், வெளிவளைவில் சறுக்கிக்கொண்டு வரும், இரண்டும் பாதுகாப்பில்லை.

3. ஒதுங்குவது என்றால் தடத்தின் விளிம்பைத் தாண்டி இளம்பனிக்குள் ஓரடி இறங்கி, வண்டியைப் பார்த்து நிற்பது. முதுகுப்பையும் கைத்தடியும் தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நாய் இருந்தால் கழுத்துவார் கையில் சுருக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

4. ஒரு வண்டி போனதும் தடத்துக்குத் திரும்பாதீர்கள். அவை கூட்டமாகத்தான் வரும். முன்னே வருபவர் இடக்கையை முழங்கை மடக்கி உயர்த்தி, கட்டைவிரலைப் பின்னோக்கி அசைத்தால் பின்னால் இன்னும் வருகிறார்கள். அதே கையில் மூடிய முட்டி காட்டினால் அவரே கடைசி. இடக்கையை நேராகத் தலைக்குமேல் தூக்கினால் நிற்கப் போகிறார்.

5. ஓட்டுபவர் செய்ய வேண்டியது நடை வேகத்துக்கு இறங்கி, கடந்த பிறகு உடனே முறுக்காமல், சில பத்து மீட்டர் தள்ளிப் போய் வேகம் கூட்டுவது. பட்டை வாரி எறியும் பனியில் உறைந்த கட்டிகளும் சரளைக் கற்களும் இருக்கும்.

6. குரூமர் வந்தால் வாதமே இல்லை, முழுத் தடமும் அதற்கு. ஓட்டுநருக்கு இழுசட்டத்தின் பின்புறம் சரியாகத் தெரியாது. அது போன உடனே அதன் பின்னால் சமமான தடத்தில் நடக்கத்தான் ஆசை வரும். அடுத்த நாள்வரை அந்தத் தடத்தை விட்டுவைக்க வேண்டிய நேரமும் அதுதான்.

7. இருட்டில் நடப்பதானால் முன்னால் ஒரு தலைவிளக்கு, முதுகில் சிவப்புச் சிமிட்டு விளக்கு. கறுப்பு ஜாக்கெட் மரநிழலோடு கலந்துவிடும்.

நெற்றியில் ஒளிரும் விளக்கோடு வண்டியை நேரே பார்ப்பது ஓட்டுபவரின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், வண்டி நெருங்கியதும் விளக்கைத் தரைக்குத் தாழ்த்துவது வழக்கம்.

வண்டிச் சுவடு காட்டும் பொய்

வண்டி போன இடத்தில் ஆளும் போகலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் சரி. சரியில்லாத இடங்கள் இரண்டு.

ஏரி: புதிதாக உறைந்த தெளிந்த பனிக்கட்டி என்றால், நடக்க 10 செ.மீ.யும் ஸ்னோமொபைலுக்கு 13 முதல் 18 செ.மீ.யும் பொதுவான அளவுகோல். பால்போல வெளுத்த பனிக்கட்டிக்குப் பலம் பாதி, ஆகவே தடிமன் இரட்டிப்பாக வேண்டும். வேகமாக ஓடும் வண்டி, நின்றால் உடையும் மெல்லிய பகுதியைத் தாண்டிப் போய்விடும். ஓடை கலக்கும் வாய், பாலத்தின் அடி, குறுகிய நீரிணைப்பு ஆகிய இடங்களில் சுவடு தெரிந்தாலும் கரைவழிதான் வழி.

சரிவு: பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில் கிளம்பும். தடம் தட்டையாக இருப்பது ஆறுதல் தராது, மேலே என்ன இருக்கிறது என்பதே கேள்வி. வெர்மான்ட்டின் ஸ்மக்லர்ஸ் நாட்ச் கணவாய்ச் சாலையை, 108-ஆம் எண் சாலை, குளிர்காலத்தில் கார்களுக்கு மூடிவிடுவார்கள். பனி மூடிய அந்தச் சாலையில் ஸ்னோமொபைல், நடப்பவர், சறுக்குபவர், உறைந்த அருவி ஏறுபவர் எல்லோரும் கலந்து போவார்கள். இருபுறமும் செங்குத்தான ஓடைப்பள்ளங்கள். 2018 மார்ச்சில் அங்கே பயிற்சியில் இருந்த ஆறு ராணுவ வீரர்கள் பனிச்சரிவில் சிக்கி உயிர் தப்பினார்கள். இத்தகைய இடங்களில் மீட்பு டிரான்ஸீவர், அதாவது பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவி, அணிந்தவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: செல்பேசி, சூடேற்றிய கைப்பிடி, இன்ஜின் மின்சுற்று எல்லாம் அதன் சமிக்ஞையைக் குழப்பும். அனுப்பும் நிலையில் மின்கருவிகள் 20 செ.மீ. தள்ளி, தேடும் நிலையில் 50 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். தேடும்போது அருகிலுள்ள வண்டிகளை அணைத்துவிட வேண்டும்.

பனிக்கு அடியில், பிறகு பனி போனபின்

ஆழமான இளம்பனிக்கும் தரைக்கும் இடையே சில செ.மீ. உயர இடைவெளி ஒன்று உண்டாகும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகை என்றாலும் அங்கே உறைநிலையை ஒட்டியே இருக்கும். வயலெலிகளும் மூஞ்சூறுகளும் குளிர்காலத்தைக் கழிப்பது அங்கேதான். இறுக்கிய பனி அந்த இடைவெளியை நசுக்குவதோடு, வெப்பத்தைப் பல மடங்கு வேகமாகக் கடத்தி மண்ணையும் ஆழமாக உறையவிடும். ஒற்றைத் தடம் என்றால் இழப்பு மூன்று மீட்டர் அகலக் கோடு. தடத்தை விட்டு விலகி வண்டிகள் காடெங்கும் சுற்றினால் கோடு பரப்பாகிவிடும். தடத்துக்கு வெளியே ஓட்டக் கலிஃபோர்னியாவின் சில தேசியக் காடுகள் குறைந்தது 12 அங்குலப் பனி கேட்பது இதனால்.

இறுகிய பனி கடைசியாகத்தான் உருகும். மார்ச் முடிந்து காட்டுத்தரை சருகோடு தெரியும்போதும், தடம் மட்டும் வெள்ளை வரப்பாக உயர்ந்து நிற்கும். நியூ ஹாம்ப்ஷயரின் மலைநடையர்கள் குறுகிய காலடிப் பாதையில் மிஞ்சும் இந்த வரப்பை மோனோரெயில் என்பார்கள். நடு வரப்பில் கால் வைத்தால் தாங்கும். ஒரு சாண் விலகினால் தொடைவரை இறங்கும்.

வெர்மான்ட்டில் ஏப்ரல் 15-க்குப் பிறகு வண்டித்தடக் கதவுகள் மூடப்பட்டிருக்கும். வண்டி இல்லை, சத்தம் இல்லை, நடக்க இதுவே காலம் என்று தோன்றும். ஆனால் வரப்பு உருகும் நீர் உறைந்த அடிமண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் மேல்மண்ணைக் கூழாக்கும் வாரங்கள் அவை. உயரமான பகுதிகளின் நடைபாதைகளை விட்டு மே மாதக் கடைசிவரை விலகியிருக்கும்படி கேட்டுக்கொள்வார்கள். இம்முறை ஸ்னோஷூவும் உதவாது.